ஒரு ஹேட்ச்பேக் காருக்கு 53 லட்சமா? ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ அந்த விலைக்குத் தகுமா... வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு!

2025 மே 26. இந்தியாவில் கோல்ஃப் ஜிடிஐ காரின் விலையை ஃபோக்ஸ்வேகன் நிறுவனம் அறிவித்தது. எக்ஸ் ஷோரூம் விலை சுமார் 53 லட்சம் ரூபாய். 'ஏழு ஸ்விஃப்ட் வாங்கலாமே' என்று ஒரு பக்கம் கிண்டல். இன்னொரு பக்கம், இந்தியாவுக்கு முதல் கட்டமாக ஒதுக்கப்பட்ட 150 கார்களும் விலை சொல்வதற்கு முன்பே முன்பதிவில் முடிந்துபோயிருந்தன. விலையே தெரியாமல் 150 பேர் பணம் கட்டியிருக்கிறார்கள் என்றால், அந்தக் காரில் ஏதோ ஒன்று இருக்கத்தானே வேண்டும்?

இருக்கிறது. ஆனா அது எல்லோருக்குமானது இல்லை. 53 லட்சத்தில் கார் எவ்வளவு, வரி எவ்வளவு, வீட்டுக்குக் கொண்டுவரும்போது மொத்தம் எவ்வளவு ஆகும், மூன்று வருஷம் கழித்து விற்றால் எவ்வளவு கையில் நிற்கும், இதே பணத்துக்கு வேறு என்ன கிடைக்கும்... ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஜிடிஐ என்றால் என்ன?

கோல்ஃப் என்பது ஐரோப்பாவில் பள்ளி ஆசிரியரும் தபால்காரரும் ஓட்டும் சாதாரண ஐந்து பேர் கார். நம்ம ஊரில் ஸ்விஃப்ட், ஐ20 எப்படியோ அப்படி. அந்தச் சாதாரண காருக்குள் 1976-ல் 1.6 லிட்டர், 110 பிஎஸ் இன்ஜினை வைத்து, சஸ்பென்ஷனை இறுக்கி, முன்பக்க கிரில்லைச் சுற்றி ஒரு சிவப்புக் கோடு போட்டு விற்றார்கள். வெறும் 5,000 கார்கள் செய்வதுதான் அப்போதைய திட்டம். விற்பனை அதைத் தாண்டி லட்சக்கணக்கில் போனது. 'ஹாட் ஹேட்ச்' என்ற ரகத்தை உலகம் முழுக்கப் பிரபலமாக்கிய கார் இதுதான்.

இப்போது வந்திருப்பது எட்டாம் தலைமுறையின் மேம்படுத்தப்பட்ட மாடல். 2.0 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், 265 பிஎஸ் திறன், 370 என்எம் டார்க், 7 கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக். நின்ற இடத்தில் இருந்து 100 கி.மீ. வேகத்தைத் தொட 5.9 விநாடி. உச்ச வேகம் 250 கி.மீ.

எண்களை விட முக்கியமான ஒரு பாகம் உள்ளே இருக்கிறது. இந்தக் காரில் இன்ஜின் சக்தி முழுவதும் முன் சக்கரங்களுக்குத்தான் போகிறது. வளைவில் வேகமாகத் திரும்பும்போது உள்பக்கச் சக்கரத்தின் மேல் எடை குறைந்துவிடும். அந்த நேரத்தில் ஆக்சிலேட்டரை அழுத்தினால் அந்தச் சக்கரம் சும்மா சுற்றும், கார் வளைவை விட்டு வெளியே நழுவப் பார்க்கும். ஜிடிஐ-யில் மின்னணு முறையில் கட்டுப்படுத்தப்படும் டிஃபரென்ஷியல் ஒன்று, அந்தச் சக்தியை எடை தாங்கி நிற்கும் வெளிப்பக்கச் சக்கரத்துக்கு அனுப்புகிறது. அதனால் ஸ்டீயரிங் திருப்பிய பக்கம் கார் இழுத்துக்கொண்டு போகும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும், ஆழியாறில் இருந்து வால்பாறை ஏறும் 40 வளைவுகளிலும் இந்த ஒரு விஷயத்தை முதல் ஐந்து நிமிடத்திலேயே உணர முடியும். பவரைக் கூட்டுவது பெரிய வித்தை இல்லை. அந்தப் பவரை வளைவில் பயமில்லாமல் பயன்படுத்த வைப்பதுதான் செலவு பிடிக்கும் வேலை. ஜிடிஐ-க்குக் கொடுக்கும் காசில் நியாயமான பங்கு இதற்குத்தான் போகிறது.

53 லட்சத்தில் கார் எவ்வளவு?

இதே பெயர் கொண்ட கார் அமெரிக்காவில் 2025-ல் சுமார் 32 ஆயிரம் டாலரில் ஆரம்பித்தது. அப்போதைய மதிப்பில் ஏறத்தாழ 27 லட்சம் ரூபாய். அங்கே பவர் கொஞ்சம் குறைவு, வசதிகள் வேறு. இருந்தாலும் ஏறக்குறைய இரண்டு மடங்கு வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

கார் முழுவதும் ஜெர்மனியில் தயாராகி, கப்பலில் அப்படியே இங்கே வந்து இறங்குகிறது. இந்தியாவில் ஒரு நட்டு கூட முறுக்கப்படுவதில்லை. ஒரு நிறுவனம் ஆண்டுக்கு 2,500 வண்டிகள் வரை, இந்தியாவில் தனியாக அனுமதிச் சோதனைகள் நடத்தாமல் இறக்குமதி செய்துகொள்ளலாம் என்று 2018-ல் விதி தளர்த்தப்பட்டது. அந்த வழியாகத்தான் இந்த மாதிரி குறைந்த எண்ணிக்கை கார்கள் வருகின்றன. விதி தளர்ந்தது, வரி தளரவில்லை.

ஒரு உதாரணக் கணக்கு போடலாம். துறைமுகத்தில் இறங்கும்போது காரின் மதிப்பு 20 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இது நிறுவனம் சொன்ன தொகை அல்ல, புரிவதற்காக எடுத்துக்கொண்ட எண். 40 ஆயிரம் டாலருக்குள் மதிப்புள்ள இந்த ரக காருக்குச் சுங்க வரி 70 சதவீதம். ஆக 14 லட்சம் சேர்ந்து 34 லட்சம். அதன் மேல் ஜிஎஸ்டி. கார் அறிமுகமான நேரத்தில் 1,500 சிசி-க்கு மேற்பட்ட பெரிய கார்களுக்கு 28 சதவீத ஜிஎஸ்டி, கூடவே 20 சதவீத செஸ். இரண்டும் சேர்த்து 48 சதவீதம். 34 லட்சம் 50 லட்சத்தைத் தாண்டிவிட்டது. இன்னும் டீலர் லாபம், போக்குவரத்து எதுவும் சேர்க்கவில்லை.

கவனிங்க, வரியின் மேல் வரி. சுங்க வரியாகக் கட்டிய 14 லட்சத்துக்கும் சேர்த்துத்தான் ஜிஎஸ்டி போடப்படுகிறது.

2025 செப்டம்பர் 22 முதல் செஸ் எடுக்கப்பட்டு, பெரிய கார்களுக்கு 40 சதவீத ஜிஎஸ்டி மட்டும் என்று மாறியது. மேலே சொன்ன உதாரணத்தில் 50.3 லட்சம் என்பது 47.6 லட்சமாக இறங்கும். எனவே இனி வரும் ஒதுக்கீட்டில் கார் கிடைத்தால், அறிமுக விலையை மனதில் வைத்துக்கொள்ளாமல் அன்றைய விலைப்பட்டியலைத்தான் பார்க்க வேண்டும். இந்தக் கட்டுரையில் வரும் கணக்குகள் 53 லட்சம் என்ற அறிமுக விலையை வைத்தே போடப்பட்டுள்ளன.

தமிழ்நாட்டில் ஆன் ரோடு எவ்வளவு?

இங்கேதான் பலரும் அதிர்ச்சி அடைகிறார்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் சாலை வரி உயர்த்தப்பட்டது. 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு 20 சதவீதம். 53 லட்சத்துக்கு 20 சதவீதம் என்றால் 10 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய். அதாவது சாலை வரி கட்டும் பணத்தில் ஒரு ஐ20 வாங்கிவிடலாம்.

அடுத்தது இன்சூரன்ஸ். 1,500 சிசி-க்கு மேற்பட்ட புதிய காருக்கு மூன்று வருட மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் 24,596 ரூபாய். நம்ம காருக்கான சேதக் காப்பீடு, கூடுதல் கவர்கள் எல்லாம் சேரும்போது தொகை லட்சங்களில் போகும். நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால் கணக்குக்கு 2 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பதிவுக் கட்டணம், இதர செலவுகள் சேர்த்து 66 லட்சம் ரூபாய்க்குக் குறையாது. 10 லட்சத்துக்கு மேற்பட்ட கார் என்பதால் 1 சதவீதம் டிசிஎஸ் தனியாகப் பிடிப்பார்கள். அது வருமான வரித் தாக்கலில் கழித்துக்கொள்ளக்கூடிய பணம், செலவில் சேராது.

கடன் வாங்கி எடுப்பதாக இருந்தால்? 40 லட்சம் ரூபாய் கடன், 9 சதவீத வட்டி, ஐந்து வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 83 ஆயிரம். ஐந்து வருட முடிவில் வட்டியாக மட்டும் கிட்டத்தட்ட 9.8 லட்சம் போயிருக்கும். இதற்கு முன்பணமாக 26 லட்சம் கையில் இருந்து போட்டிருக்க வேண்டும். தவணை கட்ட முடியுமா என்பதைவிட, அந்தத் தவணையைக் கட்டிக்கொண்டே இந்தக் காரை ஆசைப்படி ஓட்ட மனசு வருமா என்பதுதான் யோசிக்க வேண்டியது. டயர் தேயுமே, பெட்ரோல் செலவாகுமே என்று கணக்குப் பார்த்து ஓட்டுகிறவருக்கு இந்தக் கார் தண்டச் செலவு.

விற்கும்போது என்ன ஆகும்?

பழைய கார் சந்தையில் இந்தக் காருக்கு என்ன விலை போகும் என்பது வாங்குபவர் கிடைப்பதைப் பொறுத்தது. ஆனால் இன்சூரன்ஸ் நிறுவனங்கள் பயன்படுத்தும் தேய்மான அட்டவணை ஒன்று இருக்கிறது. அதன்படி காரின் வயது 2 முதல் 3 வருடத்துக்குள் இருந்தால் 30 சதவீதம் கழிக்கப்படும். 3 முதல் 4 வருடம் என்றால் 40 சதவீதம். 4 முதல் 5 வருடம் என்றால் 50 சதவீதம்.

53 லட்சத்தில் 30 சதவீதம் போனால் மிச்சம் 37.1 லட்சம். நீங்கள் கட்டியதோ 66 லட்சம். மூன்றாம் வருட முடிவில் அந்த 37 லட்சத்துக்கே விற்றாலும், 29 லட்சம் ரூபாய் கரைந்திருக்கும். நாளுக்கு வகுத்தால் தினமும் சுமார் 2,650 ரூபாய். கார் ஓடினாலும் சரி, ஷெட்டில் துணி போர்த்தி நின்றாலும் சரி.

இதில் இன்னொரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. கார் திருடுபோனாலோ, விபத்தில் முழுவதும் சேதமானாலோ, சாதாரண பாலிசியில் கிடைப்பது எக்ஸ் ஷோரூம் விலையில் தேய்மானம் கழித்த தொகைதான். கட்டிய 10.6 லட்சம் சாலை வரி அதில் வராது. கார் வாங்கிய அடுத்த வருடமே அப்படி நடந்தால், ஒரு புது ஐ20-க்கான பணம் காற்றோடு போய்விடும். இதைத் தடுக்க 'ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்' என்ற கூடுதல் கவர் உண்டு. பெயர் ஒன்றாக இருந்தாலும் நிறுவனத்துக்கு நிறுவனம் நிபந்தனை வேறு. சாலை வரியும் அதில் அடங்குமா, எத்தனை வருடம் வரை தருவார்கள் என்று எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. விலை உயர்ந்த காரில் இந்த கவரை வேண்டாம் என்று மிச்சம் பிடிப்பது புத்திசாலித்தனம் இல்லை.

போலோ ஜிடிஐ ஞாபகம் இருக்கா?

இதே நிறுவனம் 2016 நவம்பரில் போலோ ஜிடிஐ என்ற காரை இந்தியாவில் இறக்கியது. 1.8 லிட்டர் டர்போ, 192 பிஎஸ், மூன்று கதவு. 99 கார்கள் மட்டுமே என்று சொன்னார்கள். விலை 25.99 லட்சம். சாதாரண போலோ ஓடும் ஊரில், அதே முகத்தோடு ஒரு கார் 26 லட்சமா என்று ஷோரூம் பக்கம் எட்டிப் பார்த்தவர்கள் திரும்பிப் போனார்கள். ஒரு வருடத்துக்குள் விலையை 6 லட்சம் குறைத்து 19.99 லட்சத்துக்குக் கொடுத்தார்கள். முதலில் முண்டியடித்து வாங்கியவர்களின் கதி என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

கோல்ஃப் ஜிடிஐ-யில் அது நடக்கவில்லை, முதல் ஒதுக்கீடு உடனே தீர்ந்துவிட்டது. ஆனால் 'எண்ணிக்கை குறைவு, அதனால் விலை இறங்காது' என்று விற்பனைப் பிரதிநிதி சொல்வதை மட்டும் நம்பி முதலீடு மாதிரி நினைத்து வாங்குவதற்கு எதிரான உதாரணம் போலோதான்.

இப்போது இன்னொரு விஷயமும் சேர்ந்திருக்கிறது. இந்தியா - ஐரோப்பிய ஒன்றியம் இடையிலான வர்த்தக ஒப்பந்தப் பேச்சு 2026 ஜனவரி 27-ல் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. ஆண்டுக்கு 2.5 லட்சம் கார்கள் என்ற வரம்புக்குள், ஐரோப்பிய கார்களுக்கான சுங்க வரி படிப்படியாக 10 சதவீதம் வரை இறங்கும் என்பது அதில் ஒரு அம்சம். அறிவிப்பு வந்த உடனே விலை குறையாது. கையெழுத்து, இரு தரப்பு ஒப்புதல் எல்லாம் முடிந்து நடைமுறைக்கு வர வேண்டும், அதன் பிறகும் குறைப்பு கட்டம் கட்டமாகத்தான். ஆனா இன்றைக்கு 70 சதவீத வரி கட்டி வாங்கி, நான்கைந்து வருடத்தில் விற்க நினைப்பவருக்கு இது கவலை தர வேண்டிய செய்தி. அப்போது புதுக் கார் குறைந்த வரியில் ஷோரூமில் நின்றால், உங்கள் பழைய காருக்கு யார் முழு விலை கொடுப்பார்கள்? பத்து வருடம் வைத்து ஓட்டுபவருக்கு இது பொருட்டே இல்லை.

நம்ம ரோட்டுக்கு ஒத்துவருமா?

தரைக்கும் காருக்கும் உள்ள இடைவெளி 136 மி.மீ. இந்திய சாலைக் குழுமத்தின் வழிகாட்டுதல்படி வேகத்தடையின் உயரம் 100 மி.மீ., அகலம் 3.7 மீட்டர் இருக்க வேண்டும். அந்த அளவில் கட்டியிருந்தால் ஜிடிஐ அலுங்காமல் ஏறி இறங்கிவிடும். தெருக்காரர்களே ராத்திரியோடு ராத்திரியாக சிமெண்ட் கொட்டிக் கட்டும் வேகத்தடைக்கு எந்த விதியும் கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும். குறுகலாகவும் செங்குத்தாகவும் இருக்கும் அந்த மேடுகளில் நான்கு பேரோடு போனால் அடிப்பகுதி உரசும் வாய்ப்பு அதிகம். அடுக்குமாடிக் குடியிருப்பின் பேஸ்மென்ட் சரிவும் இதே கதைதான், அங்கே முன் பம்பர்தான் முதலில் இடிக்கும்.

டயரைப் பாருங்கள். அளவு 225/40 ஆர்18. இதில் 40 என்பது டயர் அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது. 225-ல் 40 சதவீதம், 90 மி.மீ. ஸ்விஃப்ட்டின் உயர் மாடலில் வரும் 185/65 ஆர்15 டயரில் அதே கணக்குப்படி 120 மி.மீ. பள்ளத்தில் விழும்போது அலாய் வீலைக் காப்பாற்றுவது இந்த ரப்பர் சுவர்தான். 30 மி.மீ. குறைவு என்பது மழைக்காலத்தில், தண்ணீர் மூடிய பள்ளத்தில் தெரியும். டயர் வெடிப்பு, வீல் வளைவுக்கு என்று தனி இன்சூரன்ஸ் கவர் இருக்கிறது. ஜிடிஐ வாங்குபவருக்கு அது ஆடம்பரம் இல்லை.

வேகம்? சென்னை மாநகருக்குள் கார்களுக்கு 60 கி.மீ., குடியிருப்புப் பகுதிகளில் 30 கி.மீ. என்று 2023 நவம்பரில் வேக வரம்பு அறிவிக்கப்பட்டது. கோயம்பேடு சிக்னலில் பச்சை விழுந்த சில விநாடிகளில் ஜிடிஐ அந்த வரம்பைத் தொட்டுவிடும், அதோடு கதை முடிந்தது. காரின் உண்மையான திறமையை சட்டப்படி, யாருக்கும் ஆபத்து இல்லாமல் பார்க்க வேண்டும் என்றால் ரேஸ் டிராக்தான் இடம். அந்த விஷயத்தில் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அதிர்ஷ்டம். ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கி.மீ. டிராக் இருக்கிறது, கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. பொதுமக்கள் தங்கள் காரைக் கொண்டுவந்து ஓட்டும் டிராக் நாட்கள் அவ்வப்போது நடக்கும். வருடத்தில் நான்கு முறையாவது அங்கே போகிறவருக்கு இந்தக் கார் கொடுக்கும் மகிழ்ச்சிக்கு விலை சொல்ல முடியாது. ஒன்று மட்டும், போட்டியிலோ டிராக்கிலோ ஓட்டும்போது ஏற்படும் சேதத்தை வாரண்டியும் இன்சூரன்ஸும் ஏற்குமா என்பதை முன்கூட்டியே படித்துவிட வேண்டும். பெரும்பாலும் பொடி எழுத்தில் 'இல்லை' என்றுதான் இருக்கும்.

வீட்டு உபயோகத்துக்கு மோசமில்லை. ஐந்து கதவு, 380 லிட்டர் பூட், ஏழு ஏர்பேக். திங்கள் முதல் வெள்ளி வரை சத்தம் போடாமல் ஆபீஸ் போய் வரும் கார் இது. அதுதான் ஜிடிஐ-யின் பெருமையே. மைலேஜ், சிட்டிக்குள் லிட்டருக்கு 9 கி.மீ. என்று கணக்கு வைத்தால், வருடம் 10 ஆயிரம் கி.மீ. ஓட்ட லிட்டர் 100 ரூபாய் விலையில் சுமார் 1.1 லட்சம். 66 லட்சம் போட்டவருக்கு இது ஒரு செலவே இல்லை, எனவே மைலேஜை வைத்து இந்தக் காரை எடைபோட வேண்டாம்.

அதே பணத்துக்கு வேறு என்ன கிடைக்கும்?

நேரான வேகம் மட்டும்தான் வேண்டும் என்றால் ஜிடிஐ தோற்றுவிடும். 2024 மார்ச்சில் அறிமுகமான பிஒய்டி சீல் மின்சார காரின் பெர்ஃபார்மன்ஸ் வேரியன்ட் விலையும் இதே 53 லட்சம்தான். 530 பிஎஸ், 100 கி.மீ. வேகத்துக்கு 3.8 விநாடி. ஏறக்குறைய இரண்டு மடங்கு சக்தி. இது போதாது என்று, தமிழ்நாட்டில் பேட்டரி வாகனங்களுக்கு 2025 டிசம்பர் 31 வரை சாலை வரியில் முழு விலக்கு இருந்தது. ஜிடிஐ வாங்கியவர் அந்தக் காலத்தில் கட்டிய 10.6 லட்சத்தை சீல் வாங்கியவர் கட்டவே இல்லை. ஆனால் சீல் எடை கூடிய பெரிய செடான். வளைந்து வளைந்து ஏறும் மலைப் பாதையில், சின்னக் கார் ஒன்று கையில் அடங்கிப் போகும் சுகம் வேறு. அதைத் தேடாதவர் தாராளமாக சீல் பக்கம் போகலாம்.

மினி கூப்பர் எஸ், 2024 ஜூலையில் 44.9 லட்சத்துக்கு வந்தது. 204 பிஎஸ், 6.6 விநாடி. தோற்றத்துக்கும் பெயருக்கும் ஜிடிஐ-யை விட இதற்கு மவுசு அதிகம். மூன்று கதவு, பின் சீட்டில் பெரியவர்கள் உட்கார முடியாது. இரண்டு பேர் போகும் கார்.

உண்மையான போட்டி சொந்த வீட்டுக்குள்ளேயே வந்தது. 2025 அக்டோபரில் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 49.99 லட்சத்துக்கு அறிமுகமானது. ஸ்கோடாவும் ஃபோக்ஸ்வேகன் குழும நிறுவனம்தான். அதே 2.0 லிட்டர் இன்ஜின், அதே 265 பிஎஸ், அதே 370 என்எம். 100 கி.மீ. வேகத்துக்கு 6.4 விநாடி, அரை விநாடி தாமதம். அதற்குப் பதிலாக 600 லிட்டர் பூட், தாராளமான பின் சீட், 3 லட்சம் ரூபாய் மிச்சம். மனைவி, இரண்டு பிள்ளைகள், தீபாவளிக்கு ஊருக்குப் போகும் மூட்டை முடிச்சு எல்லாம் இருக்கும் வீட்டுக்கு, ஜிடிஐ-யை விட ஆர்எஸ் நல்ல பேரம். சிக்கல் என்னன்னா, வந்ததே 100 கார்கள்தான்.

இன்னும் கீழே இறங்கினால் கணக்கே மாறிவிடும். புனே அருகே சாக்கனில் தயாராகும் ஃபோக்ஸ்வேகன் விர்ட்டஸ் ஜிடி, 1.5 லிட்டர் டர்போ, 150 பிஎஸ், 100 கி.மீ. வேகத்துக்கு சுமார் 9 விநாடி, தரை இடைவெளி 179 மி.மீ. உயர் வேரியன்ட் விலை 20 லட்சத்தை ஒட்டி. ஆன் ரோடு கணக்கில் ஜிடிஐ-க்கும் இதற்கும் சுமார் 40 லட்சம் வித்தியாசம். 5.9-க்கும் 9-க்கும் இடையிலான மூன்று விநாடிக்கு 40 லட்சமா என்று கேட்டால், 'இல்லை' என்பதுதான் பெரும்பாலானவர்களின் பதிலாக இருக்க வேண்டும். டர்போ இன்ஜினும் இறுக்கமான சஸ்பென்ஷனும் கொண்ட ஹேட்ச்பேக் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள விரும்பும் இளைஞருக்கு 120 பிஎஸ் ஹூண்டாய் ஐ20 என் லைன் போதும். அது தயாராவதும் ரேஸ் டிராக் இருக்கும் அதே இருங்காட்டுக்கோட்டையில்தான்.

யார் வாங்கலாம், யார் யோசிக்கணும்?

வீட்டில் ஏற்கெனவே ஒரு கார் இருந்து, ஓட்டுவதற்காகவே இரண்டாவது கார் தேடுபவர். கடன் இல்லாமலோ, சிறிய கடனிலோ வாங்க முடிபவர். குறைந்தது எட்டு, பத்து வருடம் வைத்துக்கொள்ளப் போகிறவர். மாதம் ஒரு முறையாவது ஏற்காடோ வால்பாறையோ டிராக்கோ போகிறவர்... இவருக்கு ஜிடிஐ தகும். ஒரே காரில் வேகமும் வசதியும் இவ்வளவு பொருந்தி வருவது இந்தியச் சந்தையில் அபூர்வம். தவணை கட்டி, குடும்பத்தின் ஒரே காராக, மூன்று வருடத்தில் மாற்றிவிடலாம் என்ற திட்டத்தோடு வாங்குபவருக்கு இது தகாது. காரில் குறை இல்லை. அவர் கட்டும் 66 லட்சத்தில் பெரும்பகுதி வரியாகவும் தேய்மானமாகவும் போய்விடும், ரசிப்பதற்கு அவருக்கு நேரமும் இருக்காது. அக்கம்பக்கம் திரும்பிப் பார்க்கணும் என்பதற்காக வாங்குவதாக இருந்தால் வேண்டவே வேண்டாம். தெரியாதவர் கண்ணுக்கு இது இன்னொரு ஹேட்ச்பேக்தான். '53 லட்சமா இது?' என்ற கேள்விக்கு வாழ்நாள் முழுக்கப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

பணம் கட்டும் முன் சர்வீஸ் சென்டரில் ஒரு அரை மணி நேரம் செலவழிங்க. இன்ஜினைப் பற்றிப் பயம் தேவையில்லை. இதே குடும்ப 2.0 லிட்டர் இன்ஜின் டிகுவான் ஆர் லைனிலும் இருப்பதால் மெக்கானிக்குகளுக்குப் பழக்கம் உண்டு. கேட்க வேண்டியது பம்பர், ஹெட்லைட், கதவு, கண்ணாடி பற்றி. 'முன் பம்பர் உடைந்தால் எத்தனை நாளில் வரும், என்ன விலை' என்று கேளுங்கள். இந்தியா முழுவதும் சில நூறு கார்கூட இல்லாத மாடலுக்கு பாடி பாகங்களை யாரும் கிடங்கில் அடுக்கி வைப்பதில்லை. பெட்ரோல் மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எந்த ஆக்டேன் பெட்ரோல் போட வேண்டும் என்று எழுதியிருக்கும், அதையும் பார்த்து, எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோலுக்கு வாரண்டி உண்டா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

டெஸ்ட் டிரைவ் கிடைத்தால், ஷோரூம்காரர் காட்டும் அகலமான பைபாஸில் மட்டும் ஓட்டிவிட்டுத் திரும்பிவிட வேண்டாம். வீட்டில் உள்ளவர்களை ஏற்றிக்கொண்டு, உங்கள் தெரு முனை வேகத்தடையில் மெதுவாக ஏற்றி இறக்கிப் பாருங்கள். பார்க்கிங் சரிவில் முன்பக்கமாக ஒரு முறை, பின்பக்கமாக ஒரு முறை. அடியில் உரசும் சத்தம் கேட்டால் காரை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடலாம்.